வலது பக்க வலை

இரண்டு ஓட்டைகளுக்கு வலை மாட்ட ஒரு மனுஷன் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்க வேண்டும்? நான் மூன்றைத் தொலைத்தேன்.

என் பைக்கின் முன்பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் கவசம் மூடியிருக்கும். ஃபேரிங் என்பார்கள். காற்று போவதற்காக அதில் இடதும் வலதுமாக இரண்டு ஓட்டைகள். அதை வடிவமைத்த மகானுபாவன் பீர்க்கன்காரணை ஏரி ஓரமாகச் சாயங்காலத்தில் வண்டி ஓட்டியதே இல்லை போலிருக்கிறது. காற்றோடு கொசு, வண்டு, ஈசல் எல்லாம் உள்ளே போகும். போனது சும்மா இருக்குமா? ஹேண்டில்பாருக்கு அடியில் வெளியே வந்து என் சட்டைக்குள் இறங்கும். போன மாதம் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு வண்டு வயிறு வரைக்கும் போய்விட்டது. நான் துள்ளிய துள்ளலில், பின்னால் வந்த பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டார்.

கடையில் இதற்கென்றே ரெடிமேடாக வலை இருக்கிறதாம். விலையைக் கேட்டேன். "இதுக்கு இன்னொரு பைக்கே வாங்கிடலாமே!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நானே செய்வதென்று முடிவு. முதல் ஞாயிறு, ஜன்னலுக்கு அடித்ததில் மிச்சமிருந்த கொசுவலைத் துண்டைப் பசை போட்டு ஒட்டினேன். வெயிலில் பசை இளகி, மறுநாள் தாம்பரம் தாண்டுவதற்குள் வலை பறந்துபோயிற்று. இரண்டாம் ஞாயிறு, டீ வடிகட்டியின் கம்பி வலை. அதன் ஓரம் என் விரலைக் கிழித்தது. என் மனைவி ஹெப்சி விரலைப் பார்க்கவில்லை, வடிகட்டியைத்தான் பார்த்தாள். மூன்றாம் ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்த கையோடு, புதிதாகக் கம்பி வலை வெட்டி, ஓரத்தை மடித்து, பழைய சைக்கிள் டியூபைக் கீறி விளிம்பில் சுற்றி, கேபிள் டை போட்டு இறுக்கினேன். இடது பக்கம் அம்சமாக உட்கார்ந்தது.

வலது பக்க வலையைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தால், ஓட்டைக்குள் ஈரம் காயாத குளவிக்கூடு!

வந்த எரிச்சலில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"ஐயையோ, ஜோனத்தான் தம்பி! கை வெக்காதீங்க!" துணி காயப்போட வந்த கீழ்வீட்டு சாவித்ரி அக்கா வாளியைக் கீழே போட்டார். "குளவி கூடு கட்டினா வூட்ல குழந்த வரப்போவுதுன்னு அர்த்தம். உடைக்கவே கூடாது."

"அக்கா, இது வீடு இல்ல. பைக்கு."

"யாரு வூட்டு பைக்கு?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் ஹெப்சி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு முறை சிகிச்சை பலிக்கவில்லை. மூன்றாவதுதான் கடைசி என்று தீர்மானித்து, மூன்று நாள் முன்புதான் ஆஸ்பத்திரியில் கருவை வைத்து அனுப்பியிருந்தார்கள். இன்னும் பதினொரு நாளில் ரத்தப் பரிசோதனை.

"உடைக்காதீங்க," என்றாள்.

"நீ சயின்ஸ் டீச்சர், ஹெப்சி."

"நான் ஒண்ணும் நம்பலை. ஆனா உடைக்காதீங்க."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். அதோடு விட்டாளா? நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் குளவி வந்து தேடுமாம். அதனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமாம். பதினொரு நாள்! ஆபீஸ் கோவிலம்பாக்கத்தில். பெருங்களத்தூரில் ரயிலேறி, பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு போனேன். குளவி மகாராணி மட்டும் என் பைக்கில் சொகுசாக மண் பூசிக்கொண்டிருந்தாள். ஹெப்சி தினமும் ஸ்கூலுக்குக் கிளம்புமுன் செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பாள். "இன்னொரு ரூம் கட்டியிருக்குங்க," என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாலாம் நாளிலிருந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நானும் குனிந்து பார்த்தேன்.

பதினொன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "சரிங்க டாக்டர், சரிங்க," என்று கேட்டுக்கொண்டு வைத்தாள் ஹெப்சி.

"இல்லையாம்," என்றாள்.

யார் மேல் கோபப்படுவது? டாக்டர் மேலா, ஆண்டவர் மேலா? கைக்கு எட்டியது குளவிதான். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தடதடவென்று கீழே இறங்கினேன். "எட்டு வருஷமா ஏமாந்தது பத்தாதா? இந்தப் பூச்சிகிட்டயுமா ஏமாறணும்?" என்று கத்தினேன். சாவித்ரி அக்கா கதவைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டார். மண் காய்ந்து கூடு கல்லாக இறுகியிருந்தது. முனையை அதன் மேல் வைத்து அழுத்தப் போனேன். பின்னாலேயே இறங்கி வந்த ஹெப்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"விடு ஹெப்சி. அதான் இல்லைன்னு ஆயிடுச்சே. இன்னும் என்னத்த நம்பிக்கினு இருக்க?"

"நமக்குத்தாங்க இல்லைன்னு ஆயிடுச்சு," என்றாள். "அதுக்கு உள்ள புள்ளைங்க இருக்குல்ல. விட்டுடுங்க."