ஆற்றுப் பக்க ஜன்னல்

விடுமுறைக்காக எங்கள் மாடியறையை வாடகைக்கு எடுத்து முந்தின நாள்தான் வந்திருந்தார் ரூப்ரெஷ்ட். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே, "ம்யூனிக்ல, மாநிலப் பழைய கட்டடப் பாதுகாப்பு ஆபீஸ்ல இருக்கேன்" என்றார். காபி நிரப்பி வருவதாகச் சொல்லிக் குடுவையோடு எழுந்தேன்.

பாம்பெர்க்கின் பழைய நகரத்தில் அனுமதியில்லாமல் ஒரு கதவுப் பிடியைக்கூட மாற்ற முடியாது. நாங்கள் ஒரு ஜன்னலையே மாற்றியிருந்தோம். ஆற்றைப் பார்த்த பின்னறையில் எங்கள் மகள் டோரிஸ் தூங்குகிறாள். பழைய மரச்சட்டத்தின் இடுக்கில் பனிக்காற்று புகுந்து, குளிர்காலம் முழுக்க இருமினாள். வெளியூர் ஆளைப் பிடித்துப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தோம். என் கணவன் எர்வின் அதற்கு மர நிறம் பூசினான். தெரிந்தால் அபராதத்தோடு விடமாட்டார்கள்; குளிர் வருமுன் பிடுங்கச் சொல்வார்கள்.

"படகுல போய் ஆத்துப் பக்கத்து வீடெல்லாம் பாக்கப் போறாராம்" என்று சமையலறையில் எர்வினிடம் கிசுகிசுத்தேன்.

"வரிசையா அத்தனை வீடு இருக்கு. நம்ம ஜன்னல்தான் கண்ணுல படப்போகுதா? பெயிண்ட் அடிச்சது யாரு?"

"நீதான். அதான் பயமா இருக்கு."

வெயில் நன்றாக இருக்கிறது என்று ஏதோ சொல்லி நானும் அவரோடு கிளம்பிவிட்டேன். சுற்றுலாப் படகில் அவர் ஒவ்வொரு வீட்டையும் குழந்தைபோல ரசித்தார். "அந்த உத்தரத்தப் பாருங்க, எப்படி வளைஞ்சிருக்கு!" நான் வீடுகளை எண்ணினேன். ஆறு. ஏழு. எங்களுடையது ஒன்பதாவது.

"சார், அங்க பாருங்க! மலைமேல மடம்!" என்று எதிர்க்கரையைக் காட்டினேன். கத்திவிட்டேன் போலும், பாதிப் படகு திரும்பியது.

"மடம் எங்கயும் ஓடிப் போகாதும்மா" என்றார் பின்வரிசைக் கிழவர். எல்லோரும் சிரித்தார்கள். ரூப்ரெஷ்ட்டும் சிரித்துவிட்டு மறுபடி வீடுகளின் பக்கம் திரும்பினார்.

காலை உணவு முடிந்ததும் அறைகளுக்குக் காற்றுக் காட்டுவது எங்கள் ஊரில் பல் துலக்குவதுபோல. மழையானாலும் பனியானாலும் விடமாட்டோம். எர்வினும் விடவில்லை. அண்டை வீடுகளில் மர ஜன்னல்கள் கதவுபோல இரண்டாகத் திறந்திருந்தன. எங்களுடையது மட்டும் மேல்விளிம்பு உள்பக்கம் சாய்ந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் எர்வின், என்னைப் பார்த்துத் தலையணையை ஆட்டினான்.

"உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார் ரூப்ரெஷ்ட்.

"ஆமா."

"பழைய மர ஜன்னல் அப்படிச் சாயாது."

"குழந்தைக்கு இருமல் சார். ராத்திரியெல்லாம்."

"கேட்டிருந்தா உள்பக்கமா ரெண்டாவது மர ஜன்னல் போட விட்டிருப்பாங்க. காத்து கொஞ்சங்கூட வராது. ஆனா யாரும் கேக்குறதில்ல. நேரா பெயிண்ட் கடைக்குப் போயிடுறாங்க."

"எங்களப் பத்தி எழுதப் போறீங்களா?"

அவர் ஒன்பதாவது வீட்டைக் கடைசிவரை பார்த்தார். "திங்கக்கிழமை வரைக்கும் நான் லீவு. அந்த உள்ஜன்னலுக்கு அனுமதி கேட்டு உங்க கடுதாசி எனக்கு முன்னாடி ஆபீஸுக்குப் போயிட்டா நல்லது."

அன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குத் தபால்பெட்டியைக் காலி செய்துவிடுவார்கள். இப்போதே மணி பதினொன்று; படகு இன்னும் நாற்பது நிமிடம் சுற்றும். கைப்பையைத் திறந்து பேனா தேடினேன்.