‘முடியாது’ என்றதற்கு ஒரு சாட்சி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் அண்ணியுடையது. சாப்பாட்டு மேசை முழுக்க ரசீதுகளைப் பரப்பிக்கொண்டு, “இதை வச்சுக் கதை கிதை எழுதின, தொலைச்சிடுவேன்” என்று அவர் மிரட்டிய அன்றுதான் எழுத உட்கார்ந்தேன். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். “எழுதித் தொலை. பேரு மட்டும் போடாத.” ஆகவே இதில் யாருக்கும் பெயர் கிடையாது.

அண்ணி வாரநாட்களில் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். சனி, ஞாயிறுகளில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

2

தொடங்கிப் பார்த்தவை:

நீல வானத்தைக் கிழித்துக்கொண்டு அந்தச் சிறு விமானம் (வேண்டாம். அண்ணி சிரிப்பார்.)

வருமான வரிச் சட்டத்தின்படி ஒருவர் (நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வரிக் கணக்கில் அண்ணி தன்னைச் சுயதொழில் செய்பவர் என்று காட்டியிருந்தார். மருத்துவப் பரிசோதனை, உரிமம் புதுப்பித்தல், ஹெட்செட்* எல்லாமே அவர் கைக்காசு. அவற்றைத் தொழில் செலவாகக் கழித்திருந்தார். ‘நீங்கள் கிளப்பின் சம்பளக்காரர், கழிக்க முடியாது’ என்றது வரி அலுவலகம். கழிக்காவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கற்றுக்கொடுப்பதையே நிறுத்த வேண்டியதுதான்.

“நிறுத்திட்டா என்ன இப்போ?” என்றான் அண்ணன்.

“நிறுத்திட்டா நான் வெறும் மாத்திரை எண்ணுறவ.”

அதைச் சொல்லும்போது அண்ணியின் குரல் உடைந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவர் எங்கள் வீட்டிலேயே தைரியசாலி.

(* எஞ்சின் இரைச்சலில் மாணவரோடு பேசக் காதில் மாட்டிக்கொள்வது. அண்ணன் பேசும்போதும் அண்ணி சில சமயம் மாட்டிக்கொள்வதுண்டு.)

3

விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன். அதிகாரியை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை, எங்களுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“விமானம் யாரோடது?”

“கிளப்போடது.”

“கட்டணத்தை முடிவு பண்றது?”

“கிளப்.”

“மாணவர்கள்?”

“கிளப்தான் அனுப்பும்.”

(எல்லாப் பதிலும் ‘சம்பளக்காரர்’ பக்கமே சாய்வது எனக்கே தெரிகிறது.)

அதிகாரி யோசித்துவிட்டுக் கேட்டார்: “சம்பளக்காரங்க சொன்ன வேலைய மறுக்க முடியாது. கிளப் சொன்ன வேலைய நீங்க எப்பவாவது முடியாதுன்னு மறுத்திருக்கீங்களா, மேடம்?”

மறுத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை. மாணவர் ஒருவர் முதன்முறையாகத் தனியே பறக்க வேண்டிய நாள். மனைவி, மாமியார், பிள்ளைகள் என்று குடும்பமே வேலியோரம் வந்து நின்றது. ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று பலமாக அடித்தது. மேனேஜர் “அனுப்புங்க” என்றார். அண்ணி முடியாது என்றார். பறக்காததால் அன்றைக்கு அண்ணிக்குக் காசும் கிடையாது. மாணவரோ எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு, வேறு கிளப்புக்கே போய்விட்டார்.

“இதுக்கு சாட்சி இருந்தா அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க” என்றார் அதிகாரி.

அந்தக் காற்றில் அனுப்பச் சொன்னதை எந்த மேனேஜர் ஒப்புக்கொள்வார்? மிச்சம் இருந்தது கத்திவிட்டுப் போனவர்தான்.

4

இவரிடம்தான் என் கதை இடறுகிறது. தொழில், லிப்ட் மெக்கானிக். சுபாவம், மூக்குக்கு மேல் கோபம். திட்டிவிட்டுப் போனவர், திட்டு வாங்கியவருக்காக ஒருநாள் வேலையை விட்டு வருவாரா? நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று, அவர் வராமலேயே ஒரு வரைவு எழுதினேன். அதில் அண்ணி ஹெட்செட்டை விற்றுவிடுகிறார். இன்னொன்றில் மெக்கானிக் மனம் திருந்தி, கண்ணீர் மல்க. போதும், அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். அண்ணி போன் செய்து கேட்டார். அவர் “ம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த விசாரணையன்று, நகக்கண்ணில் கிரீஸோடு, எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

“ஆமா சார். மேனேஜர் சொல்லியும் இவங்க கேக்கல. முடியாதுன்னா முடியாதுன்னு நின்னாங்க. மாமியார் முன்னாடி என் மானமே போச்சு. எனக்கு இன்னும் கோபந்தான்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“நானும் லிப்ட நிறுத்திட்டு போர்டு மாட்டுறவன் சார். படியேறிப் போற அத்தன பேரும் என்னைத் திட்டுவாங்க. நிறுத்துனதால எவன் பொழச்சான்னு எவனுக்கும் தெரியாது. எனக்குத்தான் யாரும் வந்து சொன்னதில்ல, இவங்களுக்காவது ஒருத்தன் சொல்லட்டுமேன்னு வந்தேன்.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். அண்ணி லிப்ட்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். “அட, விடுங்க மேடம்” என்று அவர் இன்னும் முறைப்பாகவே சொன்னார்.

5

உத்தரவு இன்னும் வரவில்லை. கைவசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் அண்ணி ஜெயிக்கிறார். இன்னொன்றில் தோற்றும், கைக்காசு போட்டுக் கற்றுக்கொடுக்கிறார். மூன்றாவதில் அந்த அதிகாரியே விமானம் கற்றுக்கொள்ள வந்து சேருகிறார் (இது அண்ணன் கொடுத்த யோசனை, என்னைத் திட்டாதீர்கள்). மூன்றையும் அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

“எது வந்தாலும் சரிடி,” என்றார். “அந்த ஆளு வந்தாரே.”

அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. எனவே முடிவு உங்கள் பொறுப்பு. அண்ணியை ஜெயிக்க வையுங்கள், தோற்க வையுங்கள், என் வாக்கியங்களைக்கூடத் திருத்திக்கொள்ளுங்கள். லிப்ட்காரர் வந்து சொன்னதை மட்டும் அடித்துவிடாதீர்கள். அது நான் கற்பனை செய்ததல்ல. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.