உறவில்லாத இரண்டு பேர்

விரிப்பின் ஒரு முனையைப் பிரபாவதி பிடித்துக்கொண்டாள், மறுமுனையைப் பானுமதி. இருவரும் பின்னுக்கு நகர்ந்து முதுகு சுவரில் முட்டிய பிறகுதான் துணி முழுதாக விரிந்தது. உலர்த்தும் எந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்தது. சூடு உள்ளங்கையில் ஏறியது.

"ஒண்ணா ஒதறணும். ஆளுக்கொரு பக்கமா இழுத்துகினு இருந்தா ஆவாது. ஆங்... அப்டித்தான்," என்று பிரபாவதி சொல்லிக்கொடுத்தாள்.

மூலையோடு மூலை சேர்த்து மடித்து, முழங்கையால் நீவி, அடுக்கின் மேல் வைத்தார்கள். காலையிலிருந்து இதே வேலை. மாமல்லபுரம் சாலையில் கடலைப் பார்த்துக் கட்டிய ஓட்டல் அது. சலவைக்கூடம் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தது. ஆள் எடுப்பதற்கு முன்னால் ஒருநாள் கையைப் பார்ப்பார்கள். பானுமதிக்கு இன்று அந்த நாள்.

"பழகுன கையா கீதே. எங்க கத்துகின?" என்றாள் பிரபாவதி. செங்கல்பட்டிலிருந்து வருபவள், சலவைக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு.

"வூட்ல அவரு படுத்தபடி கீறாரு மேடம். ஆள மேல வெச்சிகினேதான் கீழ துணி மாத்தணும்."

பிரபாவதி அடுத்த விரிப்பை எடுத்துக் கொடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மதில். மதிலுக்கு அப்பால் குப்பத்துத் தண்ணீர்த் தொட்டியின் தலை தெரிந்தது. அதை ஒட்டித்தான் பானுமதியின் வீடு. மத்தியானம் சாப்பாட்டுக்கு விடுகிற நேரத்தில் போய்க் கணவன் ஜம்புலிங்கத்தைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்துவிட்டு, இரண்டு வாய் ஊட்டிவிட்டு வந்துவிடலாம். சாயங்காலத் தேநீருக்கும் விடுவார்களாம். ஓடினால் அப்போதும் ஒருதரம். இந்த வேலையில் சம்பளத்தைவிட அந்தத் தொட்டிதான் அவள் கண்ணில் நின்றது.

ஐப்பசியில் கரையேறும்போது அலை படகைத் தூக்கி ஜம்புலிங்கத்தின் இடுப்பில் போட்டது. இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் புண் வரும், புண்தான் ஆளைக் கொண்டுபோகும் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பானுமதி நாவலூரில் பார்த்துக்கொண்டிருந்த வீட்டு வேலையை விட்டாள். குப்பத்தார் கூடிக் கொடுத்தது தீர்ந்தது. கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளிடம் கேட்க வாய் வரவில்லை. மீன் ஏலம் விடுகிற இடத்துக்கு அவள் கூடையோடு போய் வந்த வாரத்தில், அவன் முதுகெலும்பு முடிகிற இடத்தில் தோல் சிவந்து, பிறகு கறுத்து, ஒருநாள் விரல் பட்டதும் பிய்ந்துகொண்டு வந்தது.

சாயங்காலம் பிரபாவதி சொன்னாள்: "எனக்குப் புடிச்சிருக்கு. ஆபீஸ்ல வசந்த்னு ஒரு பையன் கீறான், அவன்கிட்ட ரெண்டு பேரு நம்பர் குடு. உன்னத் தெரிஞ்சவங்களா இருக்கணும். சொந்தக்காரங்க ஆவாது. போன் போட்டு உன்னப்பத்தி விசாரிப்பான். அவ்ளோதான்."

அன்று பானுமதியின் வீட்டில் ரஞ்சிதா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்தாள். ஜம்புலிங்கத்தின் சித்தப்பா மகள் அவள்.

"சொந்தம் இல்லாத ஆளா? நம்ம குப்பத்துலயா? தோ படுத்துகினு கீதே, அந்த நாயி, அதுகூட எங்க மாமனார் வூட்டு நாயி அண்ணி."

"கவுன்சிலரு?" என்றான் ஜம்புலிங்கம், சுவரைப் பார்த்தபடி.

"திருவேங்கடமா? அண்ணிக்குத் தாய்மாமன் மவன். மறந்துட்டியா அண்ணாத்த?"

"போட்டு ஓனரு சம்பத்து?"

"உனுக்கு மச்சான்."

ஜம்புலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் அவனுக்கு மேல் பாதி மட்டும் குலுங்கும்.

ஐஸ் பேக்டரி மேனேஜர் கோதண்டராமன் வெளியூர்க்காரர். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே பானுமதி வேலை பார்த்ததை ஞாபகம் வைத்திருந்தார். முதல் பெயர் அவருடையது. இரண்டாவதுக்குப் பானுமதி அதிகம் யோசிக்கவில்லை. நாவலூர் ஹரிப்ரியா மேடம்தான்.

தன்னைத் தெரிந்தவர் யார் என்ற கேள்வி அவளை அன்று முழுக்க விடவில்லை. குப்பத்தில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். இன்னார் மகள், இன்னார் பெண்டாட்டி என்று தெரியும். அதில் அவள் எங்கே இருந்தாள்? ஹரிப்ரியா அவளைத் தனியாகப் பார்த்தவள். ஒருநாள் கரு கலைந்து குளியலறைத் தரையில் ரத்தத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு, "அத்தைகிட்டச் சொல்லாதே, இன்னும் யாருக்குமே தெரியாது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். பானுமதி தரையைக் கழுவினாள், துணிகளை அலசினாள், ரஞ்சிதாவிடம்கூட அதைச் சொன்னதில்லை. ஒருத்தியின் ரகசியத்தைச் சுமக்கிறவளை அந்த ஒருத்திக்குத் தெரியாமலா போகும்?

நம்பர் கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை என்று போன் செய்தாள்.

"மேடம், நான் செல்வி பேசறேன்."

அந்த வீட்டில் அவள் பெயர் செல்வி. வேலைக்குப் போன முதல் நாள் அவள் பெயரைச் சொன்னதும் ஹரிப்ரியாவின் முகம் மாறியது. ஹாலில் உட்கார்ந்திருந்த மாமியாரின் பெயரும் பானுமதி. "அத்தை பேரைச் சொல்லி, பாத்திரத்தை எடு, குப்பையைக் கொட்டுன்னு எப்படிக் கூப்பிடறது? உன்னை செல்வின்னு கூப்பிடட்டுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். கேட்டதே பெரிது என்று பானுமதி தலையாட்டினாள். பிறகு குடியிருப்பின் கேட்டில் கொடுத்த பாஸிலும் செல்வி, மற்ற வீட்டுக்காரிகளுக்கும் செல்வி. ஆறு வருஷத்தில் அந்தப் பெயர் ஒரு உள்பாவாடை போல உடம்போடு ஒட்டிவிட்டது. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது யாராவது செல்வி என்றால் திரும்பிப் பார்ப்பாள். குப்பத்துக்குள் காலை வைத்ததும் அது தானாகக் கழன்றுவிடும்.

"செல்வி! எவ்ளோ நாளாச்சு. வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? நம்பர்தானே, தாராளமா குடு. நீ தங்கம்னு சொல்றேன், போதுமா?"

"போதும் மேடம்."

போனை வைத்துவிட்டு, அந்தத் தங்கத்தை ஜம்புலிங்கத்திடம் இரண்டு முறை சொன்னாள்.

நாலைந்து நாள் கழித்து வசந்த் வரச்சொன்னான். திருப்போரூர்ப் பையன். கழுத்தில் அட்டை தொங்கியது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஐஸ் பேக்டரிக்காரர் நல்லாத்தான் சொன்னாரு. அந்த நாவலூர் அம்மாதான்... நீங்க நெஜமாவே அங்க வேல செஞ்சீங்களா?"

"இன்னா சார் இப்டிக் கேக்கறீங்க? ஆறு வருசம்."

"பானுமதி உங்ககிட்ட வேல பாத்தாங்களா, கை சுத்தமா, ஏன் நின்னாங்கன்னு கேட்டேன். அவ்ளோதான்க்கா கேட்டேன். பானுமதி எங்க மாமியார், யாருடா நீ, என்னா திமிரு உனக்குன்னு புடிச்சி ஏறிட்டாங்க. போலீசுக்குப் போவேன்றாங்க. என் நம்பர ப்ளாக் பண்ணிட்டாங்க."

பானுமதிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பு வாய்வரை வந்து அங்கேயே காய்ந்தது.

கேட்டுக்கு வெளியே வந்து வெயிலில் நின்று நாவலூருக்குப் போன் செய்தாள். நெடுநேரம் கழித்து எடுத்தார்கள். பின்னால் யாரோ யாரையோ மைக்கில் கூப்பிடும் சத்தம்.

"செல்வி, ஆஸ்பத்திரியில இருக்கேன். அத்தைக்கு ஸ்ட்ரோக். ஒரு பக்கம் கை கால் வரலை."

"ஐயோ மேடம்." சற்று நேரம் அதைப்பற்றியே பேசினார்கள். தன் விஷயத்தை அதன் நடுவே எப்படி நுழைப்பதென்று பானுமதிக்குத் தெரியவில்லை. கடைசியில் சொன்னாள்.

"அது நீயா?" ஹரிப்ரியாவின் குரல் உடைந்து சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "கடவுளே, உன் பேரும் பானுமதிதானே! மறந்தே போச்சு. இங்க ஐ.சி.யூ. வாசல்ல நிமிஷத்துக்கு ஒருதரம் பானுமதி யாரு, பானுமதியோட ஆள் யாருன்னு கூப்பிட்டுட்டே இருக்காங்க. அந்த நேரத்துல ஒருத்தன், பானுமதி கை சுத்தமான்னா... இரு, நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

சொன்ன சொல் தவறாமல் கூப்பிட்டாள். மறுநாள் வசந்த் எதிரே பானுமதி மறுபடி நின்றாள். சலவைக்கூடத்திலிருந்து பிரபாவதியும் வந்திருந்தாள்.

"எங்க செல்விய எனக்கு நல்லாத் தெரியும், தங்கமானவங்கன்னு சொன்னாங்க," என்றான் வசந்த். "நீங்க செல்வியா?"

"ஆமா சார்."

"ஆதார்ல?"

"பானுமதி."

"ஒரு பேர்ல வேல செஞ்சிட்டு இன்னொரு பேர்ல மனு போட்டா அதுக்கு எங்க கம்ப்யூட்டர்ல ஒரே எடந்தான் கீதுக்கா, பொய்த் தகவல்னு. அதுல போட்டா உங்களுக்கு வேல இல்ல. போடாட்டி என் வேல இல்ல. நானே காண்ட்ராக்ட்டு." அவன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். "கெஸ்ட் ரூமுக்குள்ள போற துணி. எதுனா காணாமப் போனா, ரெண்டு பேரு வெச்சிகினு இருந்தவள ஏண்டா எடுத்தன்னு கேப்பாங்க."

"மேடம், நீங்க சொல்லுங்க மேடம். என் கைய நீங்க பாத்தீங்களே."

பிரபாவதி அருகில் வந்தாள். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்: "நெசமா உன் பேரு இன்னாம்மா?"

சொல்ல வேண்டியது ஒரு சொல். பானுமதி வாயைத் திறந்தாள். சொன்னால் அதுவும் பொய்போல இருக்கும் என்று தோன்றியது. இவர்களுக்கு மட்டுமல்ல, தனக்கே. அவள் தயங்கிய அந்த ஒரு கணத்தைப் பிரபாவதி பார்த்தாள். பார்த்துவிட்டு வசந்திடம், "நாளைக்கே ஒரு ஆளு வோணும்பா எனக்கு. பேஜாரு புடிச்ச வேல இது," என்று சொல்லிக்கொண்டே தோப்பின் பக்கம் நடந்தாள்.

அந்த மாதம் பானுமதி யாரிடமும் நம்பர் கேட்டுப் போகவில்லை. புண் ஆழமானது. மருந்து வைத்துக் கட்டும்போது துணி உள்ளே போய் எலும்பில் தட்டுவது அவள் விரலுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் மேரி, காற்று மெத்தை வாங்குங்கள் என்றாள். கடனுக்கு அரிசி வாங்குகிற கடையில் பானுமதியைக் கண்டதும் பேச்சு நின்றது.

ஹரிப்ரியாவே கூப்பிட்டாள்.

"அத்தையை வீட்டுக்கு அழைச்சுட்டு வந்துட்டோம் செல்வி. ஏஜென்சியிலேர்ந்து ஒருத்தி வந்தா, தூக்கிப் போடறா, பொறுமையே இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவெக்கணும். உனக்குத்தான் அது அத்துப்படி. காலையில எட்டுக்கு வந்தா ராத்திரி எட்டுக்குப் போயிடலாம். உன்னை விட்டா எனக்கு வேற யாரைத் தெரியும், சொல்லு?"

இருட்டோடு எழுந்து ஜம்புலிங்கத்தைத் துடைத்து, இடப்பக்கமாகக் கதவைப் பார்த்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பழைய புடவைச் சுருளை அண்டக் கொடுத்தாள். போனும் தண்ணீர் பாட்டிலும் கைக்கு எட்டுகிற இடத்தில். ரஞ்சிதா மீன் விற்றுவிட்டு வந்து பார்த்துக்கொள்வாள். பஸ் பிடித்துக் கோவளம், ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம், அங்கிருந்து நாவலூர்.

ஹரிப்ரியாவின் மாமியார் அறையில் ஏசி மெல்ல ஓடியது. காற்று மெத்தை தானாக மூச்சுவிட்டுக்கொண்டது. பக்கம் மாற்றும் நேரத்துக்கெல்லாம் மணியடிக்க ஹரிப்ரியா ஒரு சின்னக் கடிகாரம் வைத்திருந்தாள். அது அடிக்கும்போதெல்லாம் பானுமதி எழுந்து, தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்துத் திருப்பினாள்.

"டாக்டர் ஆச்சரியப்பட்டார் செல்வி, ஒரு கீறல்கூட இல்லையேன்னு," என்றாள் ஹரிப்ரியா ஒரு வாரம் கழித்து, கதவருகே நின்று. கண் கலங்கியிருந்தது. மெய்யான நன்றி.

அன்று மத்தியானம் ஜம்புலிங்கம் போன் செய்தான்.

"இன்னாமே, சாப்ட்டியா?"

"ஆச்சு. ரஞ்சிதா வந்துச்சா?"

"வரும். மார்க்கெட்ல கூட்டமா இருக்கும்."

"இன்னும் வர்லியா? அப்டியேவா கீற?"

"எனுக்கு இன்னா தெரியுது, எந்தப் பக்கம் இருந்தா இன்னா..."

கட்டிலருகே கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. போனுக்குள் போய் அது அவனுக்கும் கேட்டது.

"மணி அடிக்குது பாரு. போ, அந்தம்மாவத் திருப்பு," என்றான்.

போனை அணைக்காமல் மெத்தையின் ஓரத்தில் வைத்தாள். கிழவியைத் தன் மார்போடு சாய்த்துப் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, ரவிக்கையை விலக்கிப் பவுடர் போட்டாள். அகலமான, வெளுத்த, மாசில்லாத முதுகு. விரிப்பில் விழுந்திருந்த சிறு சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்தாள். மெத்தை ஓரத்தில் கிடந்த போனில் அவள் வீட்டு மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுவது கேட்டுக்கொண்டே இருந்தது.