பக்கத்துக் கதிரை

பேஸ்போல் சீசனின் கடைசி ஆட்டத்துக்கு ஜதுர்சன் ஒரு காரியத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் போனான். தனக்கும் மனைவி நிலாணிக்கும் உரிய இரண்டு கதிரைகளையும் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அலெக்ஸாண்டர் அண்ணையிடம் கேட்கவேண்டும்.

கேட்பது சுலபமாக இராது. அணி அந்த வருடம் அட்டவணையின் அடியில் கிடந்தது. அடுத்த வருடமும் அங்கேதான் கிடக்கும் என்பது அவர்கள் இருந்த வோபர்னில் பால் வாங்கக் கடைக்குப் போகிறவனுக்கும் தெரிந்திருந்தது. அடிக்கத் தெரிந்த ஒருவன் இருந்தான். நிலாணி அவனை 'எங்கட பெடியன்' என்றுதான் சொல்வாள். ஜூலையில் மனேஜ்மென்ற் அவனை வேறொரு நகரத்து அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பெயர் தெரியாத மூன்று பேரை வாங்கியது. எதிர்காலத்துக்காக என்றார்கள். அன்றிலிருந்து அலெக்ஸாண்டர் அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் மனைவி அருள்மலர் அக்கா சொன்னார். தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்து வந்து பார்க்டேலில் ஒரு அறையில் எட்டுப் பேராக இருந்த காலத்திலிருந்து அவர் இந்த அணியைப் பார்க்கிறவர். மாமன் மச்சானோடு கோபித்த மாதிரி அல்ல. பெற்ற பிள்ளை களவெடுத்துப் பிடிபட்ட மாதிரியான கோபம் அவருடையது.

மைதானத்தின் மேல்தட்டில் ஐந்து கதிரைகள் சீசன் முழுவதற்குமாக அவருடைய பெயரில் இருந்தன. அவருக்கும் மனைவிக்கும் இரண்டு, நண்பர் ஹலீம் நானாவுக்கு ஒன்று, ஜதுர்சனுக்கும் நிலாணிக்கும் இரண்டு. நிலாணி போன கார்த்திகையில் இறந்துபோனாள். இந்தச் சீசன் முழுவதும் அவளுடைய கதிரையை ஜதுர்சன் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆள் வருகிறதா என்று கேட்டவர்களுக்கு, வருகிறது என்றான்.

அவனுக்குப் பேஸ்போல் மேல் பெரிய ஆசை எதுவும் இல்லை. கலியாணத்துக்குப் பிறகு அவளுக்காகப் பழகியது. இப்போது அங்கே போய், பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தோடு மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டு வருவான். அழுவதில்லை. நினைப்பதும் குறைவு. கிழமையில் அவன் மூச்சு விடுகிற இடம் அது ஒன்றுதான். அதை இழக்கக் கூடாது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

மைதானத்தின் கூரையைத் திறந்துவிட்டிருந்தார்கள். மேல்தட்டுக்கு ஏறி வந்தபோது நிலாணியின் கதிரையில் ஒரு பெண் இருந்தாள்.

வரிசை பிழைத்துவிட்டதோ என்று இலக்கத்தைப் பார்த்தான். பிழைக்கவில்லை. அடுத்த கதிரையில் அருள்மலர் அக்கா இருந்தார்.

"வாரும் தம்பி, வாரும். இது அட்சயா. என்னோட வேலை செய்யிறவவின்ர மகள். ஒஷாவாவில இருக்கினம். சும்மா கேம் பாக்க வந்தவ."

"ஹாய்," என்றாள் அவள். முப்பது வயதுக்குள் இருக்கும். அணியின் தொப்பியைப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தாள். விலைச்சீட்டு இன்னும் உரிக்கப்படவில்லை. "சொறி, அன்ரி இதில இருக்கச் சொன்னவ. இது ஆற்றயும் சீற்றா?"

"இல்லை," என்றான் ஜதுர்சன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. தன்னுடைய கதிரையில் இருந்தான்.

ஆட்டம் தொடக்கத்திலேயே கெட்டது. அணியின் தாடி வைத்த பந்தெறிகாரன் எறிந்ததெல்லாம் அடிக்கிறவனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி வந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்து வேலியைத் தாண்டிப் போனது. அடுத்தவன் அடித்த பந்து இடதுபக்கம் நின்றவனின் கையுறைக்குள் விழுந்து வெளியே துள்ளியது.

"டேய், அது கையா அகப்பையா?" ஹலீம் நானா எழும்பி நின்றார். "உம்மா வீட்டில சோறு போடுற அகப்பையைக் கொண்டு வந்திட்டியா?"

"அவனை ஏன் ஏசுறியள் நானா?" அலெக்ஸாண்டர் அண்ணை எழும்பவில்லை. மைதானத்துக்கு எதிரே உயரத்தில் தெரிந்த கண்ணாடி அறையைக் கையால் காட்டினார். "உதுக்குள்ள இருந்து வைன் குடிக்கிறாங்கள் பாருங்கோ, அவங்களை ஏசுங்கோ. பெடியனை வித்தவங்கள். இவன் பாவம், கூலிக்கு வந்தவன்."

"கூலியோ? அவன்ர கூலியில யாழ்ப்பாணத்தில பாதியை வாங்கலாம்."

"எந்தப் பாதியை?"

"கடற்கரைப் பக்கப் பாதியை."

இவர்கள் தமிழில்தான் திட்டுவார்கள். விளையாடுகிறவனுக்கும் விளங்காது, முன்வரிசையில் குழந்தையோடு வந்தவர்களுக்கும் விளங்காது. நிலாணிதான் இதில் கெட்டிக்காரி. வேலையிடத்தில் குரல் உயர்த்தாதவள், இங்கே வந்தால் நரம்பு புடைக்கக் கத்துவாள். ஒருநாள் அவள் நடுவரின் பரம்பரையைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தபோது, படியில் நின்ற காவலாளி திரும்பி, "அக்கா, எனக்கு விளங்குது," என்றான். அவள் ஒரு கணம் வாயைப் பொத்தினாள். பிறகு, "அப்ப நீரும் சேர்ந்து கத்தும்," என்றாள்.

திட்டுகிறவர்களைப் பார்க்க ஜதுர்சனுக்குப் பொறாமையாக இருக்கும். அவன் வாகனக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்தான். இரண்டு கார்கள் மோதினால் எவருடைய பிழை, எவ்வளவு பிழை என்று தீர்மானிப்பது அவன் வேலை. நிலாணி ஒரு காலை தலை வாரிக்கொண்டு நின்றபோது விழுந்தாள். மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. அம்புலன்ஸ் உடனே வந்தது. மருத்துவர்கள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். ஒரு பெண் மருத்துவர் அவனைத் தனியாக இருத்தி எல்லாவற்றையும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவனும் பலநாள் இரவில் படுத்திருந்து தேடிப் பார்த்தான். ஒருவரும் பிழை விட்டிருக்கவில்லை. ஏசுவதற்குக் கண்ணாடி அறை எதுவும் இல்லை.

"அவன் மூண்டுதரம் வந்து மூண்டுதரமும் அவுட்," என்றாள் அட்சயா, அடித்துவிட்டுத் திரும்பிப் போகிறவனைக் காட்டி. "இவன்தான் பெஸ்ற் பிளேயர் எண்டு அங்கிள் சொன்னார். ஹவ்?"

"பத்துத்தரத்தில மூண்டுதரம் அடிச்சால் காணும்," என்றான் ஜதுர்சன். "வீட்டில நாங்கள் சோதினையில பத்துக்கு மூண்டு எடுத்தால் அம்மா செருப்பு எடுத்திருப்பா. இஞ்ச மில்லியன் குடுக்கினம்."

அட்சயா சிரித்தாள். மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு அல்ல. தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து சிரித்தாள்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அது நிலாணி சொன்னது. முதன்முதலாக அவனை இங்கே கூட்டி வந்த நாளில், இதே இடத்தில் இருந்து, இதே கேள்விக்குச் சொன்னது. செருப்புக்கூட அவளுடைய அம்மாவின் செருப்பு. அதை எடுத்து முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கொடுத்துவிட்டான். அவளும் சிரித்து முடித்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது அருள்மலர் அக்கா கணவனைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அலெக்ஸாண்டர் அண்ணை சின்னதாகத் தலையாட்டினார்.

அப்போதுதான் ஜதுர்சனுக்கு விளங்கியது.

ஏழாவது இன்னிங்ஸ் முடிவில் அட்சயா எல்லோருக்கும் குடிக்க வாங்கி வரப் போனாள். அருள்மலர் அக்கா அவள் விட்ட இடத்துக்கு நகர்ந்து வந்தார்.

"எப்பிடித் தம்பி?"

"என்ன எப்பிடி?"

"நல்ல பிள்ளை. பல் கிளீன் பண்ணுற வேலை, நல்ல வேலை. தாய் தகப்பன் தங்கமான ஆக்கள். கோவியாதையும். உங்கட ஆக்களில வருசம் திரும்பாமல் சம்பந்தம் பேசக்கூடாதெண்டு எனக்குத் தெரியும். நாங்கள் வேதக்காரர் எண்டாலும் உங்கட முறையும் அறிவன். அதுதான் வீட்டிலயும் வேண்டாம், கோயிலிலயும் வேண்டாமெண்டு இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனான். இது பொம்பிளை பாக்கிறதில்லை. கேம் பாக்கிறது."

"இந்தக் கேமைப் பாக்கிறதை விடப் பொம்பிளையைப் பாக்கலாம்," என்றார் ஹலீம் நானா, மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்கள் சும்மா இருங்கோ நானா. தம்பி, அவவுக்கும் விசயம் முழுக்கச் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் பாரமில்லை. பிடிச்சால் திவசம் முடியக் கதைப்பம். எத்தினை நாளைக்கு இப்பிடி வெறும் கதிரையோட இருக்கப் போறீர்? பாக்க எங்களுக்கு ஏலாமல் கிடக்கு."

அக்காவின் கண் கலங்கியிருந்தது. செத்தவீட்டில் நிலாணிக்குச் சேலை உடுத்தியது இந்தக் கைகள்தான். ஜதுர்சன் தனக்குள் கோபத்தைத் தேடினான். வரவேண்டிய நேரம். வரவில்லை.

"சரி அக்கா," என்றான். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை. தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

தாடிக்காரன் இன்னும் எறிந்துகொண்டிருந்தான். கை களைத்துத் தோளுக்கு மேல் எழவில்லை. மேல்தட்டு முழுவதும் ஊளையிட்டது.

"மாத்தடா அவனை!" அலெக்ஸாண்டர் அண்ணை இப்போது எழும்பிவிட்டார். "கை செத்துப்போச்சு, இன்னும் வச்சுக்கொண்டு நிக்கிறான். மாத்தடா, மடையா!"

"மாத்துறதுக்கு உள்ளுக்கு ஆர் இருக்கு அண்ணை? அவன்ர சித்தப்பாவோ?" என்றார் ஹலீம் நானா.

ஜதுர்சன் எழும்பி அவர் பக்கத்தில் போய் நின்றான். இனிப் பொறுத்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

"அண்ணை, ஒண்டு கேக்கோணும். என்ர ரெண்டு சீற்றையும் என்ர பேருக்கு மாத்தித் தருவியளோ? அடுத்த வருசத்துக்கு."

அவர் திரும்பினார். கத்திய வாய் இன்னும் மூடவில்லை.

"அடுத்த வருசமோ? அதுதான் விட்டாச்சே தம்பி. போன கிழமையே சொல்லிப்போட்டன், அஞ்சும் வேண்டாமெண்டு. போனில அந்தப் பிள்ளை ஏனெண்டு கேட்டவள். கண்ணாடி றூமுக்குள்ள இருக்கிறவரைக் கேள் எண்டன்."

"நல்லாச் சொன்னியள்," என்றார் ஹலீம் நானா.

"என்னட்டக் கேக்கேல்லையே," என்றான் ஜதுர்சன்.

"குறூப்பில கேட்டனான். ஒருத்தரும் எடுக்கிறேல்லை, எல்லாருக்கும் சம்மதமோ எண்டு. நீர்தானே முதல் தம்ப் போட்டனீர்."

அவர் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்ட முயன்றார். வேண்டாம் என்று ஜதுர்சன் கையை அசைத்தான். போட்டிருப்பான். செத்தவீட்டுக்குப் பிறகு வந்த அத்தனை செய்திக்கும் அவன் கட்டைவிரலைத்தான் போட்டு வந்தான். ஆழ்ந்த அனுதாபத்துக்கும் கட்டைவிரல், சாப்பிட்டாயா என்பதற்கும் கட்டைவிரல், யாரோ வீட்டுப் பிறந்தநாளுக்கும் கட்டைவிரல். வாசிப்பதில்லை. போட்டால் ஆட்கள் விட்டுவிடுவார்கள்.

"திரும்ப எடுக்கேலாதோ?"

"இனியெங்க? லைனில நிண்டவனுக்குக் குடுத்திருப்பாங்கள். இந்தக் கேடுகெட்ட ரீமுக்கும் ஆக்கள் லைனில நிக்குது தம்பி, ஏனெண்டு ஆண்டவருக்குத்தான் தெரியும்." அவர் அவனுடைய முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "உமக்கு வேணுமெண்டு எனக்கென்னெண்டு தெரியும்? பெடியனை வித்தவங்களுக்கு இன்னுமோ காசு குடுக்கப் போறீர்?"

அவங்களுக்கு இல்லை அண்ணை என்று சொல்ல வாய் எடுத்தான். பிறகு விளக்கவேண்டி வரும். "பரவாயில்லை," என்றான்.

அவனுடைய அலுவலகத்தில் இப்படி ஒரு கோப்பு வந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பான். நூறு வீதம் ஓட்டுநரின் பிழை. பாதையைப் பார்க்கவில்லை. ஒரு வருடமாகத் தேடிய ஆள் கடைசியில் அகப்பட்டுவிட்டான். ஆனால் அவனைப் பார்த்துக் கத்துவதற்கு ஒன்றும் வரவில்லை.

கதிரைக்குத் திரும்பி வந்தபோது அட்சயா பானங்களைப் பகிர்ந்துவிட்டு மறுபடி அங்கே இருந்தாள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் அணி அடிக்கத் தொடங்கவிருந்தது. அணி ஆறு ஓட்டங்கள் பின்னால் நின்றது. சனம் படிகளில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அட்சயா," என்றான். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்தச் சீற்றிலயிருந்து ஒருக்கா எழும்புவீங்களோ?"

அவள் அவனைப் பார்த்தாள். கேள்வி ஒன்று முகத்துக்கு வந்து, அப்படியே நின்றது. பிறகு பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். ஹலீம் நானாவுக்கு அப்பால், யாரோ விட்டுப்போன கதிரையில் போய் இருந்தாள்.

"என்ன பிள்ளை, என்னவாம்?" என்று அருள்மலர் அக்கா பதறினார்.

"அங்க வெய்யில் அன்ரி. கண் கூசுது."

மேல்தட்டின் அந்தப் பக்கம் வெய்யில் போய் நெடுநேரமாகியிருந்தது.

அவள் எழும்பியதும் கதிரை தன் பாட்டில் மேலே மடங்கிக்கொண்டது. ஆள் இல்லாத கதிரை மடங்கத்தான் செய்யும். ஜதுர்சன் கையை வைத்து அதைக் கீழே அமர்த்திப் பிடித்தான். முழு ஒன்பதாவது இன்னிங்ஸ் இருக்கிறது என்று நினைத்தான். பேஸ்போலில் நேரக்கட்டுப்பாடு கிடையாது, ஒரு இன்னிங்ஸ் ஒரு மணித்தியாலம்கூடப் போகலாம் என்று நிலாணி சொல்லியிருக்கிறாள்.

முதலாவது ஆள் பந்தைத் தொடாமலே வெளியேறினான். அடுத்தவன் எப்படியோ முதல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தான். நாலு பேர் கைதட்டினார்கள். அதற்கடுத்தவன், மனேஜ்மென்ற் எதிர்காலத்துக்காக வாங்கிய மூவரில் ஒருவன், வந்த முதல் பந்தையே நிலத்தோடு அடித்தான். எதிரணிக்காரன் அதை எடுத்து எறிய, ஒரே அடியில் இரண்டு பேரும் அவுட். முடிந்தது.

"போங்கடா!" என்று கத்தினார் அலெக்ஸாண்டர் அண்ணை. குரல் உடைந்திருந்தது. "போங்கடா, போய்த் துலையுங்கோ! இனி இந்தப் பக்கம் வரமாட்டன்!" தொப்பியைக் கழற்றி எறியப் போனார். பிறகு எறியாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

எல்லோரும் எழும்பினார்கள். சுற்றிலும் கதிரைகள் படபடவென்று மடங்கின. அருள்மலர் அக்கா படியில் நின்று, "தம்பி, வாரும், கெனடி ஸ்ரேசன் வரைக்கும் ஒண்டாப் போவம்," என்றார். நீங்கள் போங்கோ அக்கா என்றான். அட்சயா திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உள்ளங்கையின் கீழ் கதிரை சூடாக இருந்தது. சீசன் முழுவதும் அது சில்லென்றுதான் இருந்தது. இது அட்சயாவின் சூடு. கூட்டுகிறவர்கள் உச்சி வரிசையிலிருந்து பைகளோடு இறங்கத் தொடங்கும்வரை அவன் பிடித்துக்கொண்டே இருந்தான். மெல்லச் சூடு ஆறியது. பிறகு அதில் ஒருவருடையதும் இல்லை.

கையை எடுத்தான்.