இருபத்தி நாலு, எஸ் சார்!

எங்கள் வரலாற்றுத் துறைத் தலைவருக்குக் 'கல்வெட்டு' என்று பெயர் வைத்தது எங்களுக்கு முந்திய செட்டு. சிரித்தாலும் திட்டினாலும் அவர் முகத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் தலை நிமிர மாட்டார். எண்ணைச் சொல்வார், குரல் வரும், டிக் அடிப்பார். குரல் யாருடையது என்ற ஆராய்ச்சியில் அவருக்கு ஈடுபாடு இல்லை.

பதிவேட்டில் நான் இருபத்து மூன்று. பக்கத்து இடத்துக்காரி அவள், இருபத்து நான்கு. இரண்டு வருடமாக, அவள் வராத நாளில் நான் மூக்கடைத்த குரலில் 'எஸ் சார்' சொல்வேன். நான் வராத நாளில் அவள் தொண்டையில் கல் உருட்டிச் சொல்வாள். வகுப்பில் மற்றவர்கள் காதல் கடிதம் கொடுத்துக்கொண்டார்கள். நாங்கள் வருகை கொடுத்துக்கொண்டோம்.

அவள் அப்பாவுக்கு மாற்றல். டி.சி.க்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீட்டையே கட்டிக்கொண்டு வண்டி ஏறுகிறார்கள். சனிக்கிழமை துறைச் சுற்றுலா: பழைய துறைமுக நகரம், ஒரே நாள். "போறதுக்கு முன்னாடி கடலையாவது பார்த்துட்டுப் போறேன்" என்று வந்துவிட்டாள். கடலோடு சேர்த்து என்னையும் பார்க்கட்டும் என்று இஸ்திரி போட்ட சட்டையில் நானும் போனேன்.

கோட்டை மதிலில் ஒரு பீரங்கி. முந்நூறு வருடமாக வராத எதிரிக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.

"பாவம்டா. யாராவது 'வந்துட்டேன்'னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றாள்.

"நான் வேணா சொல்லட்டுமா?"

"சொல்லு. அடுத்தவங்களுக்குன்னா உனக்கு நல்லா வாய் வருமே."

சுருக்கென்றது. சிரித்து வைத்தேன்.

அடுத்து பழைய சுங்கக் கட்டடம். கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் பதிவேடுகள். "ஆள் பொய் சொல்லுவான். ஆவணம் பொய் சொல்லாது" என்றார் கல்வெட்டு. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூரையை ஆராய்ந்தோம்.

கடைசியாகக் கலங்கரை விளக்கம். மேலே ஏற இருநூறு படி. கூட்டம் ஏறி இறங்கிவிட்டது. அவள் மட்டும் முதல் படியில் நின்றாள்.

"டேய், என் பை பஸ்ல சீட்டுக்கு அடியில கிடக்கு. எடுத்துட்டு மேல வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இங்கயே சொல்லேன்."

"மேல வாடான்னா..."

கால் தரையில் படாமல் ஓடினேன். பை உருண்டு கடைசி வரிசைக்குப் போயிருந்தது. சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவும்போது மழை பிடித்தது. எல்லாரும் திமுதிமுவென்று ஏறினார்கள். கல்வெட்டு பதிவேட்டைத் திறந்தார்.

"இருபத்தி மூணு."

"எஸ் சார்" என்றேன், தரையிலிருந்து.

"இருபத்தி நாலு."

ஒரு நொடி அமைதி. இரண்டு வருடப் பழக்கம், அந்த அமைதி விழுந்தால் என் வாய் என்னைக் கேட்காது. மூக்கை அடைத்துக்கொண்டு "எஸ் சார்" என்றது.

சீட்டுக் காலில் சிக்கிய பை வாரை விடுவித்துத் தலையை வெளியே எடுத்தபோது, பஸ் கிளம்பி ஜன்னலில் பாலம் ஓடிக்கொண்டிருந்தது.

"சார்! நிறுத்தச் சொல்லுங்க! இருபத்தி நாலு வரல!"

"வந்தாச்சு. டிக் அடிச்சிருக்கேன்."

"அது நான் சார்."

"நீ இருபத்தி மூணு."

"அதுவும் நான்தான் சார்."

கல்வெட்டு பதிவேட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா சார்."

"மச்சான் மொத்தமா சரண்டர்டா" என்றான் பின்னால் ஒருவன்.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பாலத்துல திருப்ப முடியாது தம்பி. அக்கரைக்குப் போய்த்தான் வரணும்."

அவள் போன் என் மடியில், அவள் பைக்குள். அக்கரை வந்து, திரும்பி, இக்கரை சேர நாற்பது நிமிடம். கலங்கரை விளக்கக் கதவு பூட்டியிருந்தது. அவள் படியில் நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

"மேலேருந்து பார்த்தேன். பஸ்ஸு தீப்பெட்டி மாதிரி போச்சு. எனக்கு யாரு எஸ் சார் சொல்லியிருப்பான்னு தெரிஞ்சுபோச்சு." சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

"அண்ணே, அஞ்சே நிமிஷம்" என்று காவலாளியைக் கெஞ்சினேன்.

"பூட்டினா பூட்டினதுதான் தம்பி."

"என்னமோ சொல்லணும்னியே?"

அவள் பூட்டைப் பார்த்தாள். பஸ்ஸில் முப்பது முகங்கள் ஜன்னலில் ஒட்டியிருந்தன.

"மேல நின்னா வந்திருக்கும்டா. கீழ வந்தா வர மாட்டேங்குது. நீயாவது ஏதாவது சொல்லு."

நான் பையை நீட்டினேன். என் சொந்தக் குரலில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை. பதிவேட்டிலிருந்து அவள் எண்ணை இன்னும் நீக்கவில்லை.

"இருபத்தி மூணு."

"எஸ் சார்."

"இருபத்தி நாலு."

அமைதி விழுந்தது. வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. மூக்கை அடைக்க மறந்துவிட்டேன். என் குரலிலேயே வந்தது: "எஸ் சார்."

கல்வெட்டு முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார். குனிந்து டிக் அடித்தார்.

"இருபத்தி அஞ்சு" என்றார்.