வலக் கண்ணின் நீர்

கணவர் நெய்னார் மௌத்தாகி அடக்கமான நாள் தொட்டு மபாஸாவின் வலக் கண் ஓயாமல் நீர் வடிப்பதாகத் தில்லையடியில் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு முன்னரே அது வடியத் தொடங்கியிருந்தது என்பது மபாஸாவுக்கு மட்டுமே தெரியும். படுத்த படுக்கையாகிவிட்ட கணவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, உடுப்பு மாற்றிக் கழிந்த ஆண்டுகளில் தன் கண்ணைக் கவனிக்க அவளுக்கு ஏது நேரம்?

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தவளைப் பார்க்க வந்த பெண்கள் அந்தக் கண்ணைக் கண்டு உருகினார்கள்.

"அழுதழுது கண்ணக் கெடுத்துக்காதீங்க, மச்சி" என்றாள் நெய்னாரின் தங்கை உம்மு குல்சூம்.

மபாஸா மறுக்கவில்லை. உண்மையில் அவள் ஒரு சொட்டும் அழவில்லை; அழும் தெம்பு, கணவர் போகும் முன்பே போய்விட்டிருந்தது. தனக்குப் பதிலாக அழுதுகொண்டிருந்த அந்தக் கண்ணைக் குணப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

நாளடைவில் மூக்கோரத்து இமை வீங்கியது. காலையில் பீளை ஒட்டிக்கொண்டது. மகள் நுஸ்ரா பொறுமையிழந்தாள்.

"ஒத்தக் கண்ணால ஆரு உம்மா அழுவாங்க? மருந்தெடுக்கப் போறதுக்கு இத்தா தடையில்லன்னு மௌலவியும் செல்லிட்டாரு. எழும்புங்க."

கண் டொக்டர் பிரசாந்தி கீழிமையை விலக்கிப் பார்த்தார்.

"சொட்டு மருந்து விட்டுப் பார்த்தீங்களா?"

"விட்டா குறையும், நிப்பாட்டினா வந்துரும்" என்றாள் நுஸ்ரா.

மரத்துப்போக மருந்திட்டு, இமையின் ஓரத்தைப் பஞ்சுக் குச்சியால் டொக்டர் அழுத்தினார். கண்ணீர் இறங்கும் நுண்துளை வழியாகக் குறுநொய்யைப் போன்ற மஞ்சள் மணிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

"கண்ணீர் போற குழாய்க்குள்ள கிருமி குடியிருந்து கட்டியாகியிருக்கு, அம்மா. வழி அடைபட்டதால தண்ணி வெளியில வடிஞ்சிருக்கு. இது அபூர்வம். சாதாரணக் கண்நோய் எண்டுதான் நினைக்கத் தோணும்."

துளையைச் சற்றே கீறி மிச்சத்தையும் அவர் சுரண்டி எடுத்தார்.

சில வாரங்களில் கண் காய்ந்துவிட்டது. கஞ்சியோடு வந்த உம்மு குல்சூம் அவளுடைய முகத்தை நெடுநேரம் பார்த்தாள். மபாஸாவின் கை பழக்கத்தில் முந்தானையைத் தேடியது. துடைக்க எதுவும் இல்லை.

"இப்ப மனசு ஆறிட்டுதா, மச்சி?"

இனியும் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"நான் அழவேயில்ல, மச்சி. அது கிருமி. ஒங்கட நானா மௌத்தானப்ப எனக்கு நித்திரதான் வந்துச்சு."

உம்மு குல்சூம் கஞ்சிக் கோப்பையைக் கதிரையில் வைத்தாள்.

"அப்ப கிருமிக்கா நான் இவ்வளவு நாளும் ஆறுதல் செல்லிட்டு இருந்தேன்?"

பின்பு எழுந்துபோய், தலையணையைத் தட்டி வைத்தாள்.

"படுங்க. வாறவங்களோட நான் கதைச்சுக்கிறேன்."

கதவு சாத்தப்பட்டது. மபாஸாவின் இரண்டு கண்களும் ஒன்றாக மூடின.