பால்ச்சாமி சேர்த்துச் சொன்ன வார்த்தை

"அந்த வீடியோவ அழிச்சிட்டேங்குறேன்ல மதினி, திருப்பித் திருப்பி அதையே..."

"எத அழிச்ச? நேத்துகூட என் தம்பி பொண்டாட்டிக்குத் திருப்பூர்ல வந்துருக்கு. ஒங்க அண்ணன் சிரிச்சுக்கிட்டுப் பேசுறாக..."

"எவனோ எறக்கி வச்சுப் போடுறான், அதுக்கு நான்..."

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் தாயி. இந்த ஊசிய மட்டும் ஒங்க அண்ணனுக்குப் போட்டுக் காட்டு, பாப்போம்!"

அண்ணன் பெண்டாட்டி செல்வலட்சுமி நீட்டிய ஊசியை நாகஜோதி வாங்கவில்லை. பரளச்சியில் அண்ணன் வீட்டு வாசலில் நின்றுதான் இந்தச் சண்டை. உள்ளே கட்டிலில் பால்ச்சாமி கிடந்தார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்துக் கட்டுப்போட்ட கால் தலையணைமேல் இருந்தது. அங்கே மயங்கிக் கிடந்ததால் சர்க்கரைக்கு ஊசி போட முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் கையைத் தர மாட்டேன் என்றுவிட்டார். காலையில் கட்டைப் பிரித்தபோது பாதத்தில் கறுப்பு ஏறியிருந்தது. ஊசி இல்லையென்றால் முழங்காலோடு போகும், உயிரே தங்குவது சந்தேகம் என்று டாக்டர் முன்னமே சொல்லித்தான் அனுப்பினார்.

எல்லாம் ஒரு பொடியால் வந்தது. நாகஜோதி திருச்சுழியில் ஆவாரம்பூவையும் குதிரைவாலியையும் வறுத்து அரைத்து, சர்க்கரைக்கு நல்லது என்று ஃபோன் வழியாக விற்றாள். யாரும் சீண்டவில்லை. நம்பும்படி யாராவது பேச வேண்டுமே என்று யோசித்தவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. வரப்புத் தகராறு என்றால் நரிக்குடிப் பக்கத்திலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். பால்ச்சாமி சொல்லிவிட்டால் அது நட்ட கல். சர்வேயர் வந்தாலும் அசையாது. அவருக்குச் சர்க்கரையும் இருந்தது.

"பொடி திங்கிறேன், ஒடம்பு தெம்பாருக்கு" என்றுதான் ஃபோன் முன்னால் முதலில் சொன்னார்.

"இது பத்தாதுண்ணே. மாத்திரைய விட்டுட்டேன், சக்கர எறங்கிருச்சுன்னு சேத்துச் சொல்லு."

"நான் எங்க விட்டேன்? ராத்திரிகூட முழுங்குனேனே."

"எல்லாரும் இப்பிடித்தாண்ணே போடுறாக. சும்மா ஒரு பேச்சுக்கு."

தங்கச்சி முகத்தை ஒருதரம் பார்த்தார். சொல்லிவிட்டார்.

வீடியோ பரவிய பிறகு பொடி அரைக்கக் கை போதவில்லை. பால்ச்சாமி மல்லாங்கிணறு பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டுக்காரர் திரும்பினார்: "அண்ணாச்சி, நெசமாவே மாத்திர இல்லாமயா?" இல்லையென்றால் தங்கச்சி பிழைப்பில் மண் விழும். ஆமாமென்றால் இத்தனை வருஷம் காத்த வாக்கு போகும். அவர் யாரிடமும் சொல்லாமல் வேறொரு வழி பிடித்தார். பெண்டாட்டி கையில் தந்த மாத்திரையை வேட்டி மடியில் செருகினார். காட்டுப் பக்கம் போகும்போது கருவேலம் புதரில் எறிந்தார். காலில் ஏறிய முள் ஆறாமல் புரையோடி நாற்றமெடுத்த பிறகுதான் செல்வலட்சுமிக்கே தெரிந்தது.

அதே வாரம் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து நாகஜோதிக்கு நோட்டீஸ் வந்தது. வக்கீல் நல்லமுத்துவிடம் ஓடினாள்.

"திங்கிற பண்டத்த நோயத் தீக்கும்னு விக்கக் கூடாதும்மா. அத விடு, அபராதத்தோட போனாலும் போகும். பேசுனவரு சொன்ன அனுபவமே பொய்யின்னா அதுதான் சிக்கல். அவரையும் சேத்து இழுப்பாக."

"சொன்னப்பத்தான் சார் பொய்யி. பெறகு நெசமாவே விட்டுட்டாரே."

வக்கீல் நோட்டீஸை மடித்து அவளிடமே நீட்டினார்.

வாசல் சண்டை ஓய்ந்து, நாகஜோதி உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். புண் வாடை குப்பென்று அடித்தது.

"அண்ணே, ஊசி போட்டுக்கண்ணே."

"ஊசி போட்டா, சொன்ன சொல்லு என்னத்துக்கு ஆகும்?"

"சக்கர எறங்கிருச்சுன்னும்தான சொன்ன. எறங்குச்சா?"

"எறங்கும். கொஞ்சம் பொறு."

"எனக்காகத்தான் செய்யிற, எனக்குத் தெரியாதா? கேசு வந்தா நான் பாத்துக்கிறேன்."

"நீ என்னத்தப் பாப்ப? ஆபீசுல கேட்டா, மாத்திரைய விட்டது நெசந்தான்னு சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணுவேன். ஒன்னைய ஒருத்தனும் அசைக்க முடியாது, ஆமா."

"வாயப் பாரு, வாய!" என்றாள் வாசலிலிருந்து செல்வலட்சுமி. "நட்ட கல்லாம் நட்ட கல்லு. காலே போகப் போகுதாம், கல்லு நிக்குதாக்கும்."

நாகஜோதி எழுந்து கொல்லைப்புறம் போனாள். ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசினாள்: "எங்க அண்ணன் மாத்திரைய விடல. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன். அந்தப் பொய்ய மெய்யாக்கத்தான் பெறகு விட்டாரு, இப்ப காலு அழுகிக் கெடக்காரு. யாரும் மாத்திரைய நிறுத்தாதீக." அழுகையோடே போட்டுவிட்டாள். பழைய வீடியோவைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லை. ஆனாலும் பதில் இரண்டு வந்தது. அவள் கட்டிலருகே வந்தாள்.

"நானே ஒத்துக்கிட்டேண்ணே. பொய்யி என்னோடது. இனி ஒன் சொல்லுக்குக் கொறவு இல்ல."

"ஊர்ல என்ன சொல்றாக?"

அவள் ஃபோனைக் கவிழ்த்தாள்.

"படிங்கேன்ல."

"மாத்திரக் கம்பெனிக்காரங்கிட்ட வாங்கித் தின்னுட்டு இந்தம்மா மாத்திப் பேசுதுன்னு ஒருத்தரு."

"இன்னொண்ணு?"

"பால்ச்சாமி அய்யா பொய் சொல்ல மாட்டாரு... அவரு சொல்லித்தான் எங்க அப்பாவும் மாத்திரைய விட்டுருக்காருன்னு..."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் பால்ச்சாமியின் முகம் தெளிந்தது. "பாத்தியா. ஒன்னைய எவனும் நம்பல. கேசு நிக்காது, போ" என்றார். நிம்மதியாக மூச்சு விட்டு, கறுத்த காலை மெல்ல இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

செல்வலட்சுமி உள்ளே வந்தாள். ஊசியை நாத்தனார் மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

நாகஜோதி அதை எடுத்தாள். அண்ணன் முதுகையே பார்த்தாள்.

"அண்ணே... கையக் காட்டுண்ணே."